அவசர மருத்துவர் தீவிர சிகிச்சைச் சான்றிதழ் பெற எந்த வழியில் போவது?

இரவு மூன்று மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவின் ஒரு படுக்கையில், கடும் தொற்றால் இரத்த அழுத்தம் சரிந்து செப்டிக் ஷாக்கில் இருக்கும் நோயாளி ஒருவர் வென்டிலேட்டரில் கிடக்கிறார். அழுத்தத்தை உயர்த்தும் நார்எபினெஃப்ரின் மருந்தின் அளவு இரண்டு முறை கூட்டப்பட்டுவிட்டது, லாக்டேட் இறங்கவில்லை, ஐசியுவில் படுக்கை காலியில்லை என்ற தகவல் வந்து ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. அவரைக் கவனிக்கும் மருத்துவர் பக்கத்து அறையின் நெஞ்சுவலிக்கும் அதற்கடுத்த அறையின் வலிப்புக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, வென்டிலேட்டரில் மூச்சை ஒரு கணம் நிறுத்தி அளந்து பார்த்தால், நுரையீரலுக்குள் இருக்கும் பிளேட்டோ அழுத்தம் 34ஐத் தொட்டிருக்கிறது. 30க்குள் இருக்க வேண்டிய எண் அது. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தது என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் அவசர மருத்துவ ரெசிடென்சி (மருத்துவப் படிப்புக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி) செய்யும் பலருக்குத் தீவிர சிகிச்சையின் மேல் நாட்டம் பிறப்பது இப்படிப்பட்ட ஒரு படுக்கையருகேதான். 2007இல் வெளியான ஓர் ஆய்வு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. அவசரப் பிரிவிலிருந்து ஐசியுவுக்குப் போய்ச் சேர 6 மணி நேரத்துக்கு மேல் ஆனவர்களில் 17.4 விழுக்காட்டினர் மருத்துவமனையிலேயே இறந்திருந்தனர். அதற்குள் போய்ச் சேர்ந்தவர்களில் அந்த அளவு 12.9 விழுக்காடு. தாமதம் மட்டுமே காரணம் என்று இத்தகைய பதிவாய்வு நிறுவிவிடாது என்றாலும், அந்தக் காத்திருப்பு நேரத்தில் படுக்கையருகே நிற்கும் மருத்துவருக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வியை அது தவிர்க்க முடியாததாக்கியது. அந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையாலேயே பதில் சொல்ல நினைக்கும் ரெசிடென்ட்டுக்கு முன்னால் இன்று ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. பெயரளவில் அவை எல்லாம் இரண்டு ஆண்டுப் பயிற்சி, ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ் என்றே தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருப்பவை அவை என்பதால்தான் இந்த ஒப்பீடு தேவைப்படுகிறது.

முதலில் ஒரு சிறு வரலாறு. அமெரிக்காவில் அவசர மருத்துவம் தனித் துறையாக ஏற்கப்பட்டது 1979இல். தேர்வு வைத்துச் சான்றிதழ் வழங்கும் வாரியம் தீவிர சிகிச்சைக்கென ஒன்றே ஒன்றாக அந்நாட்டில் அமையவில்லை. 1980களில் மயக்கவியல், அறுவை சிகிச்சை, பொது மருத்துவம் (இன்டர்னல் மெடிசின்) ஆகியவற்றின் வாரியங்கள் தனித்தனியே தத்தம் மருத்துவர்களுக்குத் தீவிர சிகிச்சைச் சான்றிதழ் வழங்கத் தொடங்கின. அவசர மருத்துவர்களுக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை. பிட்ஸ்பர்க், மேரிலாந்து போன்ற சில பல்கலைக்கழகங்கள் அவர்களைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டாலும், பயிற்சி முடிந்தபின் எழுதுவதற்கு அமெரிக்க வாரியத் தேர்வு எதுவும் இல்லாததால், ஐரோப்பியத் தீவிர சிகிச்சைப் பட்டயத் தேர்வை எழுதி அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடியவர்கள் உண்டு. 2001இல் டெட்ராய்ட்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் இமானுவேல் ரிவர்ஸ் தலைமையில், கடும் தொற்றின் விளைவான செப்சிஸ் பற்றி நடந்த ஆய்வு, 263 நோயாளிகளுக்கு முதல் ஆறு மணி நேரச் சிகிச்சையை அவசரப் பிரிவிலேயே தீவிரமாகச் செய்து, இறப்பு 46.5 விழுக்காட்டிலிருந்து 30.5 விழுக்காடாகக் குறைந்ததைக் காட்டியது. 2014, 2015இல் வந்த மூன்று பெரிய ஆய்வுகளில் அந்தக் குறிப்பிட்ட முறைக்கு வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் இருப்பது உறுதிப்படவில்லை. எனினும் தீவிர சிகிச்சை ஐசியுவின் கதவுக்கு வெளியிலேயே தொடங்கிவிடுகிறது என்ற எண்ணம் அதற்குள் வேரூன்றிவிட்டது. 2011இல் பொது மருத்துவ வாரியத்தோடு அவசர மருத்துவ வாரியம் செய்துகொண்ட உடன்பாட்டுக்கு ஒப்புதல் கிடைத்து முதல் வழி திறந்தது. அதற்கடுத்த சில ஆண்டுகளில் அறுவை சிகிச்சை, மயக்கவியல் வழிகளும், 2018இல் ஒப்புதல் பெற்று 2021இல் முதல் தேர்வு நடந்த நரம்பியல் தீவிர சிகிச்சை வழியும் சேர்ந்துகொண்டன.

இந்த நான்கில் எதைத் தேர்ந்தாலும் சட்டத்தின் முன்னும் மருத்துவமனை நிர்வாகத்தின் முன்னும் நீங்கள் ஒரு தீவிர சிகிச்சை நிபுணர்தான். மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிடும் லீப்ஃப்ராக் அமைப்பு ஐசியுக்களுக்கு வகுத்துள்ள மருத்துவர் நியமனத் தரத்திலும், முறையான தீவிர சிகிச்சை ஃபெல்லோஷிப் (ரெசிடென்சிக்குப் பிந்தைய மேற்பயிற்சி) முடித்த அவசர மருத்துவர் நிபுணராகவே எண்ணப்படுகிறார். ஆகவே எந்தச் சான்றிதழ் உயர்ந்தது என்று கேட்பதில் பொருளில்லை. அவசர மருத்துவப் பயிற்சி உங்களிடம் எந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறது, அந்த இடத்தை எந்த இரண்டு ஆண்டுகள் நிரப்பும் என்று கேட்க வேண்டும். அவசர மருத்துவர் முதல் ஒரு மணி நேரத்தில் வல்லவர்: மூச்சுப் பாதையில் குழாய் போடுவார், சிரைக்குள் லைன் போடுவார், அல்ட்ராசவுண்டில் இதயத்தைப் பார்ப்பார், தெரியாத நோயைத் தெரியாத நிலையிலேயே சமாளிப்பார். அவருக்குப் பழக்கமில்லாதது, நோயாளி ஐசியுவில் கிடக்கும் ஒன்பதாம் நாள். வென்டிலேட்டரிலிருந்து விடுபட மறுக்கும் நுரையீரல், மூன்றாவது முறையாக மாற்றப்படும் ஆன்டிபயாடிக், டயாலிசிஸை நிறுத்திப் பார்க்கலாமா என்ற சிறுநீரக நிபுணரின் தயக்கம், கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைக்கும் ட்ரக்கியாஸ்டமி வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் அமர்ந்திருக்கும் மகள் என இவை எல்லாம் ஒரே காலை ரவுண்ட்ஸில் வந்து நிற்கும். ரெசிடென்சி விதிகள் அவசர மருத்துவருக்குக் கட்டாயமாக்கியிருப்பது குழந்தைகளின் தீவிர சிகிச்சையையும் சேர்த்து நான்கு மாத ஐசியுப் பயிற்சி மட்டுமே. நான்கு மாதங்களில் ஒன்பதாம் நாளைக் கற்றுக்கொள்ள முடியாது.

அந்தக் குறையை நேராக நிரப்புவது பொது மருத்துவ வழி. அமெரிக்கப் பொது மருத்துவ வாரியத்தின் தேர்வை நோக்கிய இந்த இரண்டு ஆண்டு ஃபெல்லோஷிப்பின் மையம் மருத்துவ ஐசியு. செப்சிஸ், ஏஆர்டிஎஸ் என்னும் கடும் நுரையீரல் பாதிப்பு, கல்லீரல் செயலிழப்பு, புற்றுநோய்ச் சிகிச்சைக்கிடையில் வரும் தொற்று, நஞ்சு, நீரிழிவுச் சிக்கல் என அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் நேற்றுவரை அவசரப் பிரிவில் நீங்கள் பார்த்து மேலே அனுப்பியவர்களே. அவர்களை நீங்கள் அனுப்பிய பிறகு என்ன ஆனது என்பதை முதல்முறையாக முழுவதும் பார்ப்பீர்கள். என் மதிப்பீட்டில் இதுவே இந்த வழியின் ஆகப் பெரிய பலன். அவசரப் பிரிவில் எடுத்த ஒரு முடிவு, உதாரணமாகத் தயக்கமின்றி ஏற்றிய நான்காவது லிட்டர் உப்புநீர், ஐந்தாம் நாள் வீங்கிய உடலாகவும் பிரிய மறுக்கும் வென்டிலேட்டராகவும் திரும்பி வருவதைப் பார்த்தவர் அதன்பின் அவசரப் பிரிவிலும் வேறு விதமாகவே வேலை செய்வார்.

இவ்வழியில் சேர விரும்புபவர் ரெசிடென்சியின் நடுவிலேயே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இதற்கென வகுக்கப்பட்ட விதிகள், அவசர மருத்துவத்திலிருந்து வருபவர் பொது மருத்துவ நோயாளிகளை நேரடியாகப் பார்த்த ஆறு மாத அனுபவத்தையும், அதில் மூன்று மாதங்களாவது மருத்துவ ஐசியுவில் இருந்ததையும் எதிர்பார்ப்பவை. மூன்று ஆண்டு ரெசிடென்சியில் இருப்பவருக்கு விருப்பத் தேர்வு மாதங்கள் குறைவு என்பதால், இதை மூன்றாம் ஆண்டில் நினைத்துப் பார்த்தால் இடமிருக்காது. இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே அட்டவணையைத் திட்டமிட்டு, சேர நினைக்கும் ஃபெல்லோஷிப்பிடம் இன்றைய விதி என்ன என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இதன் குறை வேலைச் சந்தையில் தெரியும். அமெரிக்காவின் மருத்துவ ஐசியுக்களில் கணிசமானவை நுரையீரல் மருத்துவமும் தீவிர சிகிச்சையும் சேர்த்துப் படித்தவர்களின் குழுக்களால் நடத்தப்படுகின்றன. நுரையீரல் மருத்துவச் சான்றிதழ் பொது மருத்துவ ரெசிடென்சி முடித்தவர்களுக்கே உரியது. அவசர மருத்துவருக்கு அது கிடைக்காது. பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையில் இது ஒரு பொருட்டில்லை. ஆனால் நடுத்தர ஊர் ஒன்றின் தனியார் குழு, ஐசியு வாரம் முடிந்ததும் வெளிநோயாளிகளின் ஆஸ்துமாவையும் நுரையீரல் கட்டிகளையும் பார்க்கவும் பிராங்கோஸ்கோபி செய்யவும் ஆள் தேடும்போது, உங்கள் விண்ணப்பத்தை அடுக்கின் அடியில் வைத்துவிடக்கூடும். குறிப்பிட்ட ஒரு சிற்றூரில்தான் குடியேற வேண்டும் என்ற குடும்பக் கட்டாயம் உள்ளவர், ஃபெல்லோஷிப்பில் சேரும் முன்பே அந்த ஊரின் ஐசியுவை யார் நடத்துகிறார்கள் என்று விசாரித்துவிட வேண்டும்.

மயக்கவியல் வழி இதற்கு நேர் எதிரான குணமுடையது. மயக்கவியல் முடித்தவருக்கு ஓராண்டு போதும். அவசர மருத்துவருக்கு இரண்டு ஆண்டுகள். எல்லா மயக்கவியல் தீவிர சிகிச்சைத் துறைகளும் அவசர மருத்துவர்களை எடுப்பதில்லை. இந்த இரண்டு ஆண்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் பெற்ற இடங்களில் மட்டுமே சேர முடியும். இங்கே உங்கள் நாட்கள் பெரும்பாலும் இதய அறுவை சிகிச்சை ஐசியுவிலும், உறுப்பு மாற்று நோயாளிகளிடையேயும், உடலுக்கு வெளியே இரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ இயந்திரங்களின் அருகிலும் கழியும். நுரையீரலுக்கும் இதயத்துக்கும் வெளியிலிருந்து தாங்கு கொடுக்கும் கருவிகளைப் பழகுவதற்கும், உணவுக்குழாய் வழியான எக்கோவைக் கையில் எடுப்பதற்கும் இதைவிட நல்ல இடம் நான்கு வழிகளில் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இதய அறுவை சிகிச்சை ஐசியு என்றால் என்ன என்று அவசர மருத்துவருக்கு விளங்க ஒரு காட்சி போதும். பைபாஸ் முடிந்து நான்கு மணி நேரமான நோயாளியின் மார்புக் குழாயிலிருந்து மணிக்கு நூற்றைம்பது மில்லிலிட்டர் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. திடீரென்று அது நின்றுவிட்டது. பழகாத கண்ணுக்கு அது நல்ல செய்தி. அங்கே வேலை செய்யும் செவிலியரோ உடனே மைய சிரை அழுத்தத்தைப் பார்க்கிறார். அது ஏறிக்கொண்டிருக்கிறது, இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது. இரத்தக்கசிவு நிற்கவில்லை, குழாய்தான் உறைந்து அடைத்துக்கொண்டது, இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்குகிறது. மார்பை மறுபடி திறக்க அறுவை நிபுணரை அழைப்பதற்கு இருக்கும் அவகாசம் சில நிமிடங்களே. இந்த வகை உடலியல், எண்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே ஒவ்வொரு நிமிடமும் சிறிது சிறிதாகத் திருத்தும் பழக்கம், மயக்கவியலாளர்களிடம் இயல்பாக இருப்பது. அவர்களோடு இரண்டு ஆண்டுகள் நின்றவருக்கு அது ஒட்டிக்கொள்ளும்.

இந்த வழியில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, மருத்துவ ஐசியு எவ்வளவு கிடைக்கிறது என்பதே. சில துறைகளில் இரண்டாம் ஆண்டு விருப்பப்படி அமைத்துக்கொள்ளக் கிடைக்கும். அதில் பெரும்பகுதியை மருத்துவ ஐசியுவுக்கும் தொற்றுநோய், சிறுநீரகப் பிரிவுகளுக்கும் ஒதுக்கிக்கொண்டவர் எந்த ஐசியுவிலும் நிற்கக்கூடியவராக வெளியே வருகிறார். அப்படி ஒதுக்க இடமில்லாத துறையில் பயின்றவர், முதல் வேலையில் கல்லீரல் செயலிழந்த நோயாளியின் முன் தடுமாறுவார். மயக்கவியல் துறை நடத்தும் ஐசியுக்களில் வேலை செய்யும் மயக்கவியலாளர்கள் மீதி வாரங்களை அறுவை அரங்கில் கழிப்பவர்கள். உங்களுக்கு அந்த மீதி வாரங்கள் அவசரப் பிரிவில். இரண்டு துறைகளின் ஊதியக் கணக்கும் பணி அட்டவணையும் ஒத்துப்போகும்படி யாராவது உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும் என்பதை நேர்காணலின்போதே நினைவில் வைத்திருங்கள்.

அறுவை சிகிச்சை வழிக்கு வருவோம். இதன் விதி தெளிவானது, கடுமையானதும்கூட. இரண்டு ஆண்டுகளில் முதலாவது ஃபெல்லோஷிப் அல்ல. அதே நிறுவனத்தின் அறுவை சிகிச்சைத் துறையில் மேல்நிலை முன்தயாரிப்பு ரெசிடென்டாக ஓராண்டு வேலை செய்து முடித்த பிறகே தீவிர சிகிச்சை ஆண்டு தொடங்கும். மூன்று அல்லது நான்கு ஆண்டு ரெசிடென்சியை முடித்து, அவசரப் பிரிவில் தனியே நோயாளிகளைப் பார்க்கும் தகுதி பெற்ற ஒருவர், மறுபடியும் ரெசிடென்டாக வார்டு ரவுண்ட்ஸ் போய், அறுவை நோயாளிகளின் காயங்களைப் பார்த்து, இரவுப் பணி செய்யும் ஆண்டு அது. அந்த ஆண்டை ஒரு தண்டனையாக நினைப்பவர் இந்த வழியில் வரவே கூடாது. விபத்துக் காயங்களின் மேல் உண்மையான ஈடுபாடு கொண்டவருக்கோ அது பொன்னான ஆண்டு: வயிற்றைத் திறந்தே வைத்து ஐசியுவுக்கு அனுப்பும் முடிவை அறுவை நிபுணர் ஏன் எடுக்கிறார், எப்போது திரும்ப உள்ளே போகிறார், தையல் விட்டுப்போன குடலை எந்த அறிகுறியில் சந்தேகிக்கிறார் என்பதையெல்லாம் அரங்கின் உள்ளே நின்று பார்த்தவருக்கும், வெளியே நின்று கேட்டவருக்கும் உள்ள வேறுபாடு ஐசியுவில் பளிச்செனத் தெரியும். பால்டிமோரின் ஷாக் ட்ராமா மையம் போன்ற இடங்களின் மரபு இந்த ஈடுபாட்டைச் சார்ந்து வளர்ந்தது. நான் இந்த வழியைப் பொதுவாகப் பரிந்துரைக்க மாட்டேன். விபத்து சிகிச்சை மையத்தின் ஐசியுவில்தான் வாழ்நாள் முழுவதும் வேலை செய்யப்போகிறேன் என்று சொல்பவருக்கு மட்டும் இதையே முதலாவதாகச் சொல்வேன்.

நரம்பியல் தீவிர சிகிச்சை மற்ற மூன்றிலிருந்தும் தன்மையால் வேறுபட்டது, ஏனென்றால் அது ஒரே உறுப்பைச் சுற்றி அமைந்தது. மூளை இரத்தக்கசிவு, பெரும் பக்கவாதம், நில்லாமல் தொடரும் வலிப்பு, தலைக்காயம், இதயம் நின்று மீண்டவரின் மூளை ஆகியவை அதன் எல்லை. மனநல மருத்துவ–நரம்பியல் வாரியத்தின் நிர்வாகத்தில் தேர்வு நடக்கிறது. அதற்கு முன்பு நரம்பியல் துணைச் சிறப்புகளுக்கான தனி அமைப்பு ஒன்று வழங்கிவந்த சான்றிதழ்தான் பலரிடமும் இருந்தது. அவசர மருத்துவருக்கு இங்கே இயல்பான ஒரு பலம் உண்டு: இந்த நோயாளிகளின் கதி பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்தில் தீர்மானிக்கப்படுகிறது, அந்த ஒரு மணி நேரம் அவருடையது. ஆனால் இந்தச் சான்றிதழ் மட்டும் உள்ளவரைப் பொதுவான மருத்துவ ஐசியுவில் அமர்த்த மருத்துவமனைகள் தயங்கும். ஆகவே மூளையே தன் வாழ்க்கைப் பணி என்று தெரிந்தவர்களுக்கு இது சரி; எல்லா ஐசியுவிலும் வேலை வேண்டும் என்பவர்களுக்குப் போதாது.

மருத்துவக் கல்லூரியின் கடைசி ஆண்டிலேயே மனம் உறுதியாக இருப்பவர்களுக்கு, அவசர மருத்துவம், பொது மருத்துவம், தீவிர சிகிச்சை மூன்றையும் சேர்த்து ஆறு ஆண்டுகளில் முடிக்கும் கூட்டுப் பயிற்சி சில இடங்களில் உண்டு. மூன்று சான்றிதழ்களோடு வெளியே வரலாம்; பொது மருத்துவ ஐசியுக் குழுக்களில் இடம் கிடைப்பதும் எளிது. ஆனால் அதை ரெசிடென்சியில் சேரும்போதே தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்பதால், ஏற்கெனவே அவசர மருத்துவத்தில் இருக்கும் வாசகருக்கு அது இனி ஒரு தெரிவல்ல.

இவை எதுவுமே வேண்டாம் என்பதும் ஒரு நேர்மையான தெரிவு, அதைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. அவசரப் பிரிவிலேயே காலம் முழுவதும் வேலை செய்யப்போகிறவர், தன் பிரிவில் காத்திருக்கும் கடும் நோயாளிகளை இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் விரும்பினால், அவருக்குச் சான்றிதழ் தேவையில்லை; வென்டிலேட்டரையும் ரத்த ஓட்ட அளவீடுகளையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, தன் மருத்துவமனை ஐசியுக் குழுவோடு சேர்ந்து காத்திருப்போருக்கான நடைமுறைகளை எழுதி வைத்தாலே பெரும் மாற்றம் வரும். இரண்டு ஆண்டு ஃபெல்லோஷிப்பின் செலவு சிறியதல்ல. முழுத் தகுதி பெற்ற அவசர மருத்துவர் ஈட்டுவதில் சிறு பகுதியே பயிற்சி ஊதியமாகக் கிடைக்கும். கல்விக் கடன் உள்ளவருக்கு அந்த இரண்டு ஆண்டு வட்டி கண்ணுக்குத் தெரியும் தொகை. ஐசியுவில் ஓரளவு நிலையான ஊதியமும் வேறு விதமான இரவுகளும் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் பணத்துக்காக இந்தத் திசையில் வருவது கணக்குக்கு ஒத்துவராது. இன்னொரு பக்கம், இரண்டு சான்றிதழ்களையும் காலம் முழுவதும் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் உழைப்பும் கட்டணமும் உண்டு. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்த பிறகும் ஒன்பதாம் நாளின் மேல் ஆசை குறையாதவருக்கே நான் மேலே சொன்ன நான்கும்.

சான்றிதழை எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதும் தேர்வை மாற்றும். அண்மைக் காலத்தில் சில பெரிய மருத்துவமனைகள் அவசரப் பிரிவுக்கு உள்ளேயே அல்லது பக்கத்திலேயே தீவிர சிகிச்சை அலகுகளை அமைத்துள்ளன. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015இல் திறந்த அலகு அவற்றுள் நன்கு ஆராயப்பட்டது. அதைத் திறந்த பின் அவசரப் பிரிவுக்கு வந்த எல்லா நோயாளிகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது 30 நாள் இறப்பு 2.13 விழுக்காட்டிலிருந்து 1.83 ஆகக் குறைந்ததாகவும், ஐசியுச் சேர்க்கையும் குறைந்ததாகவும் 2019இல் வெளியான ஆய்வு கூறியது. இத்தகைய அலகில் வேலை செய்வதே கனவு என்றால், அங்கே வருபவர்கள் பெரும்பாலும் மருத்துவ நோயாளிகள் என்பதால் பொது மருத்துவ வழி பொருந்தும். ஆனால் அப்படிப்பட்ட அலகுகள் இன்னும் எண்ணிக்கையில் குறைவு என்பதையும், அந்த ஒரு வேலையை மட்டும் நம்பி ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

வெளிநாட்டில் மருத்துவம் படித்து அமெரிக்காவில் பயிற்சி பெறும் வாசகர்களுக்கு விசாவைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் இதுவரை சொன்ன நயமான வேறுபாடுகள் பலவற்றை அது ஓரங்கட்டிவிடும். ஜே-1 விசாவில் மருத்துவப் பயிற்சிக்கு மொத்தம் 7 ஆண்டுகள் பொதுவான உச்சவரம்பு. மூன்று அல்லது நான்கு ஆண்டு ரெசிடென்சியோடு இரண்டு ஆண்டு ஃபெல்லோஷிப் அதற்குள் அடங்கிவிடும். அதில் கூடுதல் வருமானத்துக்காக வெளியே ஷிப்ட் பார்க்க அனுமதியில்லை. ஃபெல்லோஷிப்பின்போது மாதம் சில அவசரப் பிரிவு ஷிப்ட் செய்து கைப்பழக்கத்தையும் வருமானத்தையும் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று சக மாணவர்கள் சொல்லும் அறிவுரை ஜே-1 மருத்துவருக்குப் பொருந்தாது. பயிற்சி முடிந்தபின் இரண்டு ஆண்டு தாய்நாடு திரும்ப வேண்டும், அல்லது விலக்குப் பெற வேண்டும். அந்த விலக்குக்கென மாநிலம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 30 இடங்கள் கொண்ட கான்ராட் திட்டத்தில், மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதிகளில் மூன்று ஆண்டு பணி செய்ய வேண்டும். பல மாநிலங்கள் முதன்மை மருத்துவர்களுக்கு முன்னுரிமை தருவதால் நிபுணர்களுக்கு மிச்சம் எத்தனை என்று மாநிலம் மாநிலமாகப் பார்க்க வேண்டும். அத்தகைய பகுதியின் சிறு மருத்துவமனைக்குத் தனி இதய அறுவை சிகிச்சை ஐசியுவோ நரம்பியல் ஐசியுவோ இருப்பது அரிது. எல்லா வகை நோயாளிகளும் ஒரே ஐசியுவில் படுத்திருப்பார்கள். ஆகவே விலக்குப் பணியை எதிர்நோக்கி இருப்பவருக்குப் பொது மருத்துவ வழியின் பரப்பே உதவும். ஹெச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேறு கணக்கு: அதன் வழக்கமான உச்சவரம்பு 6 ஆண்டுகள், நான்கு ஆண்டு ரெசிடென்சியும் இரண்டு ஆண்டு ஃபெல்லோஷிப்பும் அதை முழுவதும் விழுங்கிவிடும். நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) விண்ணப்பம் உரிய காலத்தில் தொடங்கப்பட்டிருந்தால் மட்டுமே நீட்டிப்புக்கு வழியுண்டு என்பதால், ஃபெல்லோஷிப்பில் சேரும் முன்பே குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது அவசியம்.

இன்னொரு காலக்கணக்கும் உண்டு. தீவிர சிகிச்சைத் தேர்வை எழுத அவசர மருத்துவச் சான்றிதழ் முதலில் கையில் இருக்க வேண்டும். அவசர மருத்துவ வாரியத்தின் எழுத்துத் தேர்வு ரெசிடென்சி முடிந்தபின் வரும் இலையுதிர்காலத்தில், அதாவது ஃபெல்லோஷிப்பின் முதல் சில மாதங்களுக்குள் வந்துவிடும். அதன் பின் அடுத்த கட்டத் தேர்வு இருக்கிறது. புதிய ஐசியுவில் யாருடைய பெயரும் தெரியாத மாதங்களில், குழந்தைகளின் எலும்பு முறிவையும் கண் நோய்களையும் திரும்பப் படித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அறுவை சிகிச்சை வழியில் இந்தத் தேர்வு முன்தயாரிப்பு ஆண்டின் நடுவில் விழுகிறது. அந்த மாதத்தை இலகுவான பணிக்கு மாற்றித் தரும் துறையா என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

இவ்வளவையும் எடைபோட்டு என் முடிவைச் சொல்கிறேன். எந்த ஐசியு என்று இன்னும் தெளிவில்லாதவர், அவசரப் பிரிவையும் ஐசியுவையும் மாறி மாறிப் பார்க்க விரும்புபவர், விசாக் கட்டுப்பாடு உள்ளவர் ஆகியோர் பொது மருத்துவ வழியைத் தேர்வதே நல்லது. எக்மோ, இதய அறுவை சிகிச்சை, உறுப்பு மாற்று ஆகியவற்றில் மனம் ஊன்றியவர், பெரிய மருத்துவமனையில்தான் வேலை செய்வேன் என்று உறுதியாக இருப்பவர், இரண்டாம் ஆண்டில் மருத்துவ ஐசியுவைத் தாராளமாகத் தரும் மயக்கவியல் துறை கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஓர் இடம் கிடைத்துவிட்டால் அதைப் பொது மருத்துவ வழிக்கும் மேலாகவே வைப்பேன். இவ்விரண்டுக்கும் இடையே தடுமாறுபவர்கள்தான் அதிகம்.

அப்படித் தடுமாறுபவர் துறையின் இணையதளத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தத் துறையில் முன்பு பயின்ற அவசர மருத்துவர்கள் மூன்று பேரின் பெயரைக் கேட்டு வாங்கி, அவர்களைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். பெயர் தரத் தயங்கும் துறையும், இதுவரை அவசர மருத்துவர் எவரையும் பயிற்றுவிக்காத துறையும் அதனாலேயே தம்மைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகின்றன. கிடைத்த மூவரிடமும் இப்போது எந்த ஐசியுவில், மாதம் எத்தனை நாள், அவசரப் பிரிவில் எத்தனை ஷிப்ட் என்று கேளுங்கள். பிறகு இரண்டாம் ஆண்டின் பன்னிரண்டு மாதங்களையும் எங்கெங்கே கழித்தார்கள் என்று ஒவ்வொரு மாதமாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். துறையின் ஆள் பற்றாக்குறையை நிரப்ப எத்தனை மாதம் போனது, அவர்களே கேட்டு வாங்கியது எத்தனை மாதம் என்பது அந்தப் பட்டியலிலேயே இருக்கும்.